வகுப்பறையில் பிறந்த இசைத்தட்டுகள்



மொழி, இலக்கணம், கற்பித்தல் என்றே எழுதிவரும் நான் இம்முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் எளியது. ஜாஸ், சோல், ஃபங்க் என்னும் மூவகை இசையிலும் பழைய தட்டுகளையும் அண்மைக்கால வெளியீடுகளையும் சில ஆண்டுகளாகவே தேடிக் கேட்டு வருகிறேன். ஒரு தட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவர் யார் என்று பார்த்தால், அவர் வாசித்த இன்னொரு தட்டு கிடைக்கும். அவர் எங்கே கற்றார் என்று பார்த்தால் ஒரு பள்ளியின் பெயர் வரும். இப்படிப் பின்னோக்கிச் செல்லச் செல்ல, எனக்கு மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டவர்கள் பெரும் பாடகர்களோ நிறுவன முதலாளிகளோ அல்லர்; பள்ளி ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றி விரிவாகவும், வேறு இருவரைப் பற்றிச் சுருக்கமாகவும் இங்கே எழுத விழைகிறேன்.

இவ்விசை வகைகளை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஜாஸ் என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்ற இசை. மனோதர்மம் அதன் உயிர். சோல் என்பது கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் முறை உலகியல் பாடலுக்குள் இறங்கியதால் 1950களிலும் 1960களிலும் வளர்ந்தது. ஃபங்க், 1960களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிரௌன் முதலானோர் கைகளில் உருவானது. 1967இல் வெளிவந்த அவருடைய ‘கோல்ட் ஸ்வெட்’ இதற்கு ஒரு மைல்கல். பாட்டின் மெட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தாளமே முன்னுக்கு வந்த இசை இது. நம் தாள முறையில் சமத்துக்கு உள்ள இடம் நினைவிருக்கட்டும். ஜேம்ஸ் பிரௌனும் தம் குழுவினரிடம் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டையே அழுத்திக் கேட்டார். முதல் தட்டில் எல்லாரும் ஒன்றுகூட வேண்டும். இடைவெளியில் ஒவ்வொரு கருவியும் தனக்குரிய சிறு துணுக்கைத் தவறாமல் இட்டு நிரப்ப வேண்டும்.

இந்த இசை பள்ளிக்கு எவ்வளவு பொருத்தமானது என்பது ஆசிரியர்களுக்கு உடனே விளங்கும். ஃபங்க் இசையில் தனிக்கருவி ஒன்றின் பகுதியை மட்டும் பிரித்துக் கேட்டால் பல நேரங்களில் அது மிக எளிது. நான்கைந்து சுரங்கள்தாம் இருக்கும். அதைப் பிறர் வாசிப்பைக் கேட்டபடி, ஓர் இமைப்பொழுதும் பிசகாமல் திரும்பத் திரும்ப வாசிப்பதே அரிது. கைத்திறன் குறைந்த மாணவனுக்கும் அங்கே இடமுண்டு. செவித்திறனும் பொறுமையும் இல்லாதவனுக்குத்தான் இடமில்லை.

இனி டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகருக்குச் செல்வோம். அந்நகரின் வடகிழக்கில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில் காஷ்மியர் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. அங்கே இசையாசிரியராக இருந்தவர் கான்ராட் ஜான்சன். 1915ஆம் ஆண்டு டெக்சாஸின் விக்டோரியா என்னும் ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு ஹூஸ்டனுக்கு வந்தவர். வைலி கல்லூரியில் பயின்று, 1941இல் ஆசிரியப் பணியில் சேர்ந்தார். அவரே நல்ல சாக்சபோன் கலைஞர்; சொந்தக் குழுவும் வைத்திருந்தார். ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் வாழ்க்கையை விட்டுக் குடும்பத்தோடும் வகுப்பறையோடும் தங்கிவிட்டார். மாணவர்கள் அவரை ‘ப்ரோஃப்’ என்றே அழைத்தார்கள். பேராசிரியர் என்பதன் செல்லக் குறுக்கம் அது.

அவர் பணிபுரிந்த காலத்தின் நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஆனால், ஹூஸ்டனில் முதற் கறுப்பின மாணவர் வெள்ளையர் பள்ளிக்குள் காலடி எடுத்து வைத்தது 1960இல்தான். அதுவும் நீதிமன்ற ஆணைக்குப் பிறகு. டெக்சாஸில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளும் நெடுங்காலம் இரு பிரிவாகவே நடந்தன. கறுப்பினப் பள்ளிகளுக்கென்று தனியே இருந்த போட்டிக் கழகம் 1970இல்தான் முற்றாக முடிவுக்கு வந்தது. அதாவது, ஜான்சன் தம் ஆசிரிய வாழ்வில் முக்கால் பங்கைக் கடந்த பிறகே அவருடைய மாணவர்கள் வெள்ளையர் பள்ளி மாணவர்களோடு ஒரே மேடையில், ஒரே நடுவர் முன்னிலையில் நிற்கும் நிலை வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் ஜாஸ் குழுவை ‘ஸ்டேஜ் பேண்ட்’, அதாவது மேடைக்குழு என்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கதை உண்டு. ஜாஸ் என்ற சொல்லுக்கு மதுக்கூட வாடை அடிப்பதாகக் கல்வியாளர் பலர் கருதினர். ஆகவே, இசை உள்ளே வரலாம், பெயர் வெளியே நிற்கட்டும் என்று ஏற்பாடு! 1947இல் வட டெக்சாஸில் ஒரு கல்லூரி இவ்விசைக்குப் பட்டப்படிப்பே தொடங்கியபோதும் ‘நடனக் குழு இசை’ என்றுதான் பெயரிட்டது. பாடத்திட்டத்தில் ஒன்றை நுழைப்பதற்காக அதன் பெயரை மாற்றும் கலை எல்லா நாட்டுக் கல்வித் துறைக்கும் பொதுவானது போலும்.

பெரும்பாலான பள்ளி மேடைக்குழுக்கள் 1930களின், 1940களின் நடன இசையையே வாசித்துக்கொண்டிருந்தன. ஜான்சனும் அந்த மரபில் வளர்ந்தவர்தான். 1967இல் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் மேடை நிகழ்ச்சியைக் கண்டது அவருக்குத் திருப்பமாக அமைந்தது என்பர். மாணவர்கள் வானொலியில் கேட்பதும் தாம் வகுப்பில் கற்பிப்பதும் இருவேறு உலகமாக இருப்பதை அவர் உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அந்த வயதில் ஒருவர், ‘இக்காலப் பிள்ளைகளுக்கு நல்லிசை தெரியவில்லை’ என்று அலுத்துக்கொண்டு ஓய்வுக்கு நாள் எண்ணியிருக்கலாம். ஜான்சன் ஃபங்க் இசையைக் கற்றார்; பெருங்குழுவுக்கு ஏற்றபடி அதை எழுதினார். டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் என்று ஊதுகருவிகளின் வரிசை அப்படியே இருந்தது. அடியில் ஓடிய தாளம் மட்டும் ஜேம்ஸ் பிரௌனின் தாளமாயிற்று. மாணவர்கள் ஒரே வகை உடையணிந்து, கருவிகளோடு உடலை அசைத்து ஆடியபடியே வாசித்தார்கள். பிற பள்ளிகளின் குழுக்கள் நாற்காலியில் அமர்ந்து தாளைப் பார்த்து வாசித்த காலம் அது!

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்ல வேண்டும். ஜான்சன் மாணவரின் விருப்பத்துக்கு இறங்கிவந்தார் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மாணவர் விரும்பிய இசையை எடுத்துக்கொண்டு, அதில் அவர்களே எதிர்பாராத அளவுக்குக் கடினமானதைக் கேட்டார் என்பதே சரி. அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைகளின் ஊதுகருவி வரிசை ஒரே வாயால் ஊதியதைப் போல வெட்டி நிற்கும். அது விருப்பத்தால் மட்டும் வருவதன்று. பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் நடந்த பயிற்சியால் வந்தது.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1969க்கும் 1977க்கும் இடையில் காஷ்மியர் குழு கலந்துகொண்ட 46 போட்டிகளில் 42இல் வென்றது. 1972இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் நடந்த தேசியப் போட்டியில் நாட்டின் சிறந்த பள்ளி மேடைக்குழு என்னும் சிறப்பைப் பெற்றது. ஐரோப்பாவுக்கும் சப்பானுக்கும் பயணம் செய்தது. வென்ற போட்டிகளின் கணக்கைப் பெற்றோர்கள் விரும்பிக் கேட்பார்கள் என்பதால் முதலில் சொன்னேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: இக்குழு எட்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை ஜான்சனே இயற்றிய படைப்புகள்.

பள்ளிக்குழு இசைத்தட்டு வெளியிடுவது அக்கால அமெரிக்காவில் புதுமை இல்லை. பணம் கொடுத்தால் சிறு எண்ணிக்கையில் தட்டு அச்சிட்டுத் தரும் நிறுவனங்கள் பல இருந்தன. ஆண்டு இறுதிக் கச்சேரியைப் பதிவு செய்து, பெற்றோர்களுக்கு விற்பார்கள். நம் பள்ளிகளின் ஆண்டு மலரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவோர் தம் பிள்ளையின் பெயர் உறையில் இருக்கிறதா என்று பார்ப்பர். ஓரிரு முறை கேட்பர். பிறகு அலமாரிக்குள் வைப்பர். ஜான்சனின் வேறுபாடு, அவர் பதிவுக்கூடத்தைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியதுதான். தொழில்முறைக் கலைஞர் எப்படி ஒலிவாங்கி முன் நின்று வாசிக்கிறாரோ அப்படியே மாணவரும் வாசித்தனர். ‘பம்பர் டு பம்பர் சோல்’, ‘தண்டர் சோல்’, ‘ஜீரோ பாயிண்ட்’ என்று தட்டுகள் வெளிவந்தன. 1978இல் ஜான்சன் 37 ஆண்டுப் பணிக்குப் பின் ஓய்வுபெற்றார். காஷ்மியர் குழுவின் பொற்காலமும் அத்தோடு முடிந்தது. தட்டுகள் அலமாரிகளில் கிடந்தன.

அவை எப்படி வெளியே வந்தன என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தையான பகுதி. அதற்கு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்துக்குச் செல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டு அங்கே கூல் ஹெர்க் என்னும் ஜமைக்கா நாட்டு வழிவந்த இளைஞர் விருந்துகளில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே மற்றக் கருவிகள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆட்டம் சூடுபிடிக்கிறது என்பதைக் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, அந்தச் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினார். ஹிப்-ஹாப் இசை அங்கிருந்து பிறந்தது. பின்னர், கணினிக் கருவிகள் வந்தபோது பழைய தட்டின் ஒலித்துண்டை வெட்டியெடுத்துப் புதுப் பாட்டைக் கட்டும் முறை பரவியது.

இதனால் என்ன ஆயிற்று என்றால், டிரம்ஸ் தனித்தொலிக்கும் பழைய தட்டுகளுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. புகழ்பெற்ற தட்டுகளை எல்லாரும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டனர். 1990களில் தேடுவோர் எவரும் அறியாத தட்டுகளை நோக்கித் திரும்பினர். பழைய பொருள் கடைகளிலும் கிடங்குகளிலும் தூசி படிந்த பெட்டிகளுக்குள் விரல்விட்டுத் துழாவும் ஒரு கூட்டமே உருவாயிற்று. அவர்களுக்குப் பாடகர் பெயர் தேவையில்லை, ஊர் தேவையில்லை. தாளம் ஒன்றே தேவை. அப்படித் துழாவியவர்களின் கைகளில்தான் ஒரு பள்ளியின் பெயர் தாங்கிய தட்டுகள் சிக்கின. 1999இல் டிஜே ஷேடோ என்னும் கலைஞர் பங்காற்றிய ‘ஹோலி கலாமிட்டி’ என்னும் படைப்பில் காஷ்மியர் குழுவின் ஒலித்துண்டு உலகின் செவிக்கு எட்டியது. கேட்ட இளைஞர் பலருக்கு அதை வாசித்தவர்கள் பள்ளி மாணவர்கள் என்பது தெரியாது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அரிய தட்டுகளுக்குச் சேகரிப்பாளர்களிடையே விலை ஏறிக்கொண்டே போகும். ஆனால், பழைய தட்டு கைமாறும்போது வாசித்தவனுக்கோ எழுதியவருக்கோ ஒரு காசும் போவதில்லை. பள்ளிக்கும் இல்லை. கறுப்பினத்தாரின் இசையைப் பிறர் எடுத்து ஆண்ட கதை நெடியது. இதுவும் அதன் இன்னொரு கிளையாக முடிந்திருக்கக்கூடும்.

அப்படி முடியாமல் காத்தவர் ஈகன் என்று அறியப்படும் ஈயோதன் அலபாட். இவரும் தட்டு தேடியவர்தான். ஆனால், தட்டு கிடைத்ததும் நிற்காமல், வாசித்த மனிதர்களையும் தேடினார். ஹூஸ்டனில் முதுமையில் இருந்த ஜான்சனை நாடி, இசைவு பெற்று, 2006ஆம் ஆண்டு தம் ‘நவ்-அகெய்ன்’ நிறுவனத்தின் வழி ‘டெக்சாஸ் தண்டர் சோல் 1968-1974’ என்னும் இரட்டைக் குறுவட்டுத் தொகுப்பை வெளியிட்டார். உள்ளே விரிவான வரலாற்றுக் குறிப்பும் இருந்தது. ஜான்சனுக்கு அப்போது வயது 90ஐத் தாண்டிவிட்டது. வகுப்பறையை விட்டு 28 ஆண்டுகள் கழித்து, அவருடைய மாணவர்களின் இசை உலகெங்கும் விற்பனைக்கு வந்தது.

அதன்பின் நடந்ததை மார்க் லேண்ட்ஸ்மன் இயக்கிய ‘தண்டர் சோல்’ என்னும் ஆவணப்படத்தில் காணலாம். 2010இல் திரையிடப்பட்ட படம் அது. ஐம்பது வயதைத் தொட்ட முன்னாள் மாணவர்கள், சிலர் பல்லாண்டுகளாகக் கருவியையே தொடாதவர்கள், ஆசிரியரின் முன்னிலையில் ஒரு கச்சேரி நடத்துவதற்காகக் கூடுகிறார்கள். முதல் நாள் ஒத்திகையில் ஓசை தள்ளாடுகிறது. உதடு ஒத்துழைக்கவில்லை, மூச்சு போதவில்லை. பழைய மாணவருள் ஒருவர் ஆசிரியரின் இடத்தில் நின்று கண்டிப்போடு பயிற்றுகிறார். ஆசிரியர் தம்மைப் பயிற்றிய அதே முறையில் பயிற்றுகிறார் என்பது பார்ப்போருக்கே விளங்கும். 2008 பிப்ரவரி முதல் நாள் கச்சேரி நடந்தது. 92 வயது ஜான்சன் அவையில் அமர்ந்து கேட்டார். பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

காஷ்மியரின் கதை அரிய விதிவிலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கும் முன்பே சிக்காகோ நகரில் கேப்டன் வால்டர் டயட் என்பவர் இருந்தார். 1935இல் திறக்கப்பட்ட டுசாபிள் இடைநிலைப்பள்ளியில் இசை கற்பித்தவர். கடுங்கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். குழுவுக்கு வேண்டிய பணத்துக்காக ஆண்டுதோறும் ‘ஹை-ஜிங்க்ஸ்’ என்னும் மாணவர் கலைநிகழ்ச்சியை நடத்தினார். நிதிக்காக நிகழ்ச்சி நடத்திப் பழகிய நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு இது புதிதாக இராது! பாடகி டைனா வாஷிங்டன், சாக்சபோன் கலைஞர்கள் ஜீன் அமன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். இவர்களின் தட்டுகள் இன்றும் விற்பனையில் உள்ளன. டயட்டின் பெயரை உறையில் தேடினால் கிடைக்காது.

புதிய தட்டுகளை மட்டுமே கேட்போருக்கு ரெஜி ஆண்ட்ரூஸின் பெயர் பொருந்தும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் 1965இல் பெருங்கலவரம் நடந்தது. அதற்கு ஈராண்டுகளுக்குப் பின் அங்கே திறக்கப்பட்டது லாக் இடைநிலைப்பள்ளி. ஆண்ட்ரூஸ் அங்கே இசையாசிரியர். 1982இல் டாஸ் பேண்ட் குழு பாடிப் புகழ்பெற்ற ‘லெட் இட் விப்’ என்னும் பாடலை இயற்றிய இருவருள் இவர் ஒருவர். அத்தகைய வெற்றிப்பாடலைக் கொடுத்தவர் முழுநேரமும் இசைத்தொழிலுக்கே போயிருக்கலாம். பள்ளியையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு பள்ளியின் மாணவர் மட்டும் போதாதென்று, பல பள்ளி மாணவர்களை ஒன்றுசேர்த்து ஒரு ஜாஸ் குழுவை அமைத்தார். அதில் வளர்ந்தவர்களுள் சாக்சபோன் கலைஞர் கமாசி வாஷிங்டனும் பேஸ் கலைஞர் தண்டர்கேட்டும் அடங்குவர். 2015இல் கமாசியின் ‘தி எபிக்’ மூன்று தட்டுகளாக வெளிவந்தது. ஜாஸ் இசை முதியோருக்குரியது என்று எண்ணியிருந்த இளைஞர் பலரை அது திரும்பிப் பார்க்க வைத்தது. அதே ஆண்டில் கெண்ட்ரிக் லமார் வெளியிட்ட ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’ என்னும் ஹிப்-ஹாப் தொகுப்பிலும் இவ்விருவரின் வாசிப்பு உண்டு. பள்ளிக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பழகியவர்கள், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிப்பதை அத்தொகுப்புகளில் கேட்கலாம். ஆண்ட்ரூஸ் 2022இல் காலமானார்.

டயட்டும் ஆண்ட்ரூஸும் வளர்த்தவர்கள் பின்னாளில் பெயர் பெற்றார்கள். ஆகவே ஆசிரியரின் பெயரும் ஒருவாறு வரலாற்றில் நின்றது. காஷ்மியர் மாணவருள் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்ளவில்லை. அங்கே நிலைத்தது மாணவப் பருவத்து இசையே. அவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்பதற்கு அந்த எட்டுத் தட்டுகளே சான்று. எவரோ ஒருவர் பதிவுக்கூடத்துக்குப் பணம் கட்டி, எவரோ ஒருவர் தட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அது சாத்தியமாயிற்று.

கேட்க விரும்புவோருக்குச் சில சொற்கள். ‘டெக்சாஸ் தண்டர் சோல்’ தொகுப்பில் ‘காஷ்மியர்’ என்று பள்ளியின் பெயரையே தாங்கிய இசையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒலியைச் சற்றுக் குறைத்து வைப்பது நல்லது. டிரம்ஸ் ஓசை அப்படி! முதன்முறை ஊதுகருவிகளைக் கேளுங்கள். இரண்டாம் முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஆவணப்படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்தே பார்க்கலாம். கமாசியின் ‘தி எபிக்’ ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடுவது. ஒரே மூச்சில் கேட்கத் தேவையில்லை, ஒரு நாளுக்கு ஒரு தட்டு போதும். ஹிப்-ஹாப் தொகுப்பில் கடுஞ்சொற்கள் உள்ளமையால் அதைப் பெரியவர்கள் மட்டும் கேட்கவும்.